எத்தனை நாள் கதைப்பது? நீண்டகால உளச்சிகிச்சையின் பெறுமதி பற்றி

உளச்சிகிச்சை என்ற சொல் எமது வீடுகளுக்குள் வந்து அதிக காலம் ஆகவில்லை. வந்தபோது எழுந்த முதலாவது கேள்வி, இது மார்க்கத்துக்கு உடன்பாடானதா என்பது. அதற்குப் பலரும் பல இடங்களில் பதில் சொல்லியிருக்கிறார்கள். இரண்டாவது கேள்வியைத்தான் நாம் இன்னும் குசுகுசுப்பாகக் கேட்டுக்கொள்கிறோம். ‘கதைக்கிறதுக்கு ஏன் காசு? அதுவும் எத்தனை நாளைக்குக் கதைக்கிறது?’

கொடிகாமம் போன்ற ஒரு சந்தி ஊரில் இந்தக் கேள்வி நியாயமானது. தேங்காய்க்கும் மாம்பழத்துக்கும் பெயர்போன சந்தை இது. கடையை அரை நாள் பூட்டினால் அந்த அரை நாள் உழைப்பு போனதுதான். இப்போது வெளிநாட்டில் இருக்கிற மச்சான் காசு அனுப்ப, கொழும்பிலோ சென்னையிலோ இருக்கிற ஒருவரோடு கைத்தொலைபேசியில் கிழமைக்கு ஒரு மணித்தியாலம் கதைக்கிற ஏற்பாடு இங்கும் வந்துவிட்டது. அது ஆறு மாதம், ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீளும்போது வீட்டில் யாராவது ஒருவர் கேட்கத்தான் செய்வார்: ‘இது பிரயோசனமா, இல்லாட்டி ஆளை ஏமாத்துற வேலையா?’

நான் வைத்தியன் அல்ல, படிப்பித்து ஓய்வுபெற்றவன். எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்விக்கு ஒரு முடிவு எடுக்க வேண்டி வந்ததால் கிடைத்த ஆய்வுகளை வாசித்தேன். தெரிந்த வைத்தியர்களிடமும் உளவளத்துணையாளர்களிடமும் விசாரித்தேன். அதில் தெளிவானதை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம். சுருக்கமாகச் சொன்னால், பெரும்பாலானோருக்கு எண்ணிக்கை குறித்த குறுகிய பேச்சே போதும். ஒரு சிறு தொகையினருக்கு நீண்ட சிகிச்சை செலவுக்குத் தகுந்தது. யார் எந்த வகை என்பதை முதல் நாளிலேயே சொல்ல ஏலாது. ஆறாவது, எட்டாவது சந்திப்பு வரும்போது பெரும்பாலும் சொல்லலாம்.

எது நீண்டகாலம்?

பேச்சின் வழியாகச் செய்யப்படும் சிகிச்சையில் பல முறைகள் உண்டு. எண்ணங்களைச் சீர்ப்படுத்துவது ஒன்று. நாளாந்த வேலைகளைச் சிறிது சிறிதாக மீளத் தொடங்கச் செய்வது இன்னொன்று. நடந்த கொடுமையை ஒழுங்காகச் சொல்லவைத்து அதன் கூர்மையைக் குறைப்பது வேறொன்று. இவை அனேகமாக ஐந்து முதல் இருபது சந்திப்புகளுக்குள் முடிந்துவிடும். நீண்டகாலம் என்று ஆய்வாளர்கள் சொல்வது வழமையாக ஒரு வருடத்துக்கு அல்லது ஐம்பது சந்திப்புகளுக்குக் குறையாத சிகிச்சையை. இது பெரும்பாலும் சிக்மன்ட் பிராய்டின் வழிவந்தது. சிறுவயது அனுபவங்கள், திரும்பத் திரும்ப ஒரே குழியில் விழுகிற உறவுகள், தனக்கே பிடிபடாத பயங்கள் ஆகியவற்றை ஆறுதலாக அலசிப் பார்ப்பது இதன் வேலை.

இந்த முறை பணக்காரருக்கு மட்டும் கிட்டுவதாக இருக்கிறது என்பதைப் பிராய்டும் உணர்ந்திருந்தார். 1918 இல் புடாபெஸ்ட் நகரில் ஆற்றிய உரையில், ஏழைகளுக்கும் மன உதவி பெறும் உரிமை உண்டு, அவர்களுக்காக இந்த முறையை மாற்றி அமைக்க வேண்டிவரும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். ஆகவே ‘இதுக்கு இவ்வளவு செலவா?’ என்பது கொடிகாமத்துச் சனம் மட்டும் கேட்கிற கேள்வி அல்ல. அது நூறு வருடத்துக்கு மேற்பட்டது.

பேச்சால் மனத்தைக் குணப்படுத்தலாம் என்ற எண்ணமோ அதைவிடப் பழையது. பல்க் பிரதேசத்தில் பிறந்த அபூ ஸைத் அல்-பல்கீ (850–934) உடலுக்கும் உள்ளத்துக்கும் உரிய நலன்களைப் பற்றி ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்ஃபுஸ்’ என்ற நூலை எழுதினார். வைத்தியர்கள் உடலை மட்டும் பார்த்து உள்ளத்தை விட்டுவிடுகிறார்கள் என்பது அவருடைய குறை. துக்கத்தை அவர் இரண்டாகப் பிரித்தார். காரணம் தெரிந்த துக்கம் ஒன்று. காரணமே தெரியாமல் வருவது மற்றது. முன்னையதற்குச் சிந்தனையையும் அறிவுரையையும் மருந்தாகச் சொன்னார். பின்னையதை உடலோடு தொடர்புபடுத்தி அதற்கு உடல் மருத்துவத்தைச் சொன்னார். எல்லா மனவருத்தமும் ஒன்றல்ல, ஆகவே எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தும் இல்லை என்ற இந்தப் பாகுபாட்டைத்தான் இன்றைய செலவுக் கணக்கிலும் நாம் முதலில் செய்யவேண்டியிருக்கிறது.

எங்கள் சனத்தின் நோவு

1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றிய வரலாற்றை இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. சாவகச்சேரி முஸ்லிம்கள் அம்மாதம் 15 ஆம் திகதி வெளியேற்றப்பட்டார்கள். 30 ஆம் திகதி யாழ் நகரத்தவர்களுக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. ஐந்து மாவட்டங்களிலும் சேர்த்து ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் பெரும்பாலானோர் புத்தளத்தில் இரண்டு தசாப்தங்களைக் கழித்தார்கள்.

இந்த மக்களின் மனநலம் பற்றி ஓர் ஒழுங்கான ஆய்வு உண்டு. செஸ்மல் சிறிவர்தன தலைமையிலான குழு, புத்தளத்தில் நீண்டகாலம் இடம்பெயர்ந்து வாழ்ந்த வடபுல முஸ்லிம்களில் 450 பேரை ஆராய்ந்து 2013 இல் முடிவுகளை வெளியிட்டது. 18.8 வீதமானோருக்கு ஏதோவொரு பொதுவான உளநோய் இருந்தது. இதில் கவனிக்க வேண்டியது அதன் உட்பிரிவு. நாம் ‘மனவடு’ என்று சொல்கிற, கொடிய நிகழ்வுக்குப் பின்னான நோய் 2.4 வீதம் பேருக்குத்தான் இருந்தது. கடும் மனச்சோர்வு 5.1 வீதம். உடம்பு நோவாக, உளைவாக, எரிவாக வெளிவருகிற உளநோயோ 14 வீதம். வெளியேற்றத்தை நேரில் கண்டவர்களும் முகாமில் பிறந்து வளர்ந்தவர்களும் வைத்தியரிடம் போய்ச் சொன்னது ‘எனக்குக் கவலை’ என்று அல்ல. ‘நாரி நோகுது, நெஞ்சு இறுக்குது, தலை சுத்துது’ என்றுதான் சொன்னார்கள்.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. தொழில் இல்லாதவர்கள், துணையை மௌத்தாலோ தலாக்காலோ இழந்தவர்கள், அடுத்த வேளைச் சாப்பாடு நிச்சயமில்லாதவர்கள் ஆகியோரிடமே இந்த நோய்கள் கூடுதலாக இருந்தன. இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் திரும்பவும் வருவோம்.

யுத்தம் முடிந்த கையோடு, 2009 நடுப்பகுதியில் யாழ் மாவட்டத்தில் வேறொரு கணக்கெடுப்பு நடந்தது. அதன் முடிவு 2011 இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் வெளியானது. பதகளிப்பு அறிகுறிகள் 32.6 வீதம், மனச்சோர்வு அறிகுறிகள் 22.2 வீதம், மனவடு அறிகுறிகள் 7 வீதம். இரண்டு ஆய்வின் அளவுகோல்களும் வேறு; நேருக்கு நேர் ஒப்பிட ஏலாது. ஆனால் இரண்டும் ஒரு விடயத்தைச் சொல்கின்றன. உதவி தேவைப்படுகிறவர்கள் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். ஆளுக்கு ஐம்பது மணித்தியாலம் என்று கணக்குப் போட்டால், அதற்குப் பயிற்சி பெற்ற ஆட்கள் வடமாகாணத்தில் மட்டுமல்ல, முழு நாட்டிலும் இல்லை.

குறுகிய பேச்சு எவ்வளவு செய்யும்?

அமெரிக்காவில் கென்னத் ஹவார்டும் அவருடைய சகாக்களும் 1986 இல் முப்பது வருடத் தரவுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். எட்டாவது சந்திப்புக்குள் ஏறக்குறையப் பாதிப்பேர் அளவிடக்கூடிய முன்னேற்றம் கண்டிருந்தார்கள். முக்கால்வாசிப் பேர் முன்னேற 26 சந்திப்புகள் ஆகின. முதல் எட்டுக்குள் பாதி, அடுத்த பதினெட்டில் இன்னொரு கால்வாசி. உரத்தின் கணக்கும் இப்படித்தான். முதல் மூட்டை காட்டுகிற விளைச்சலை நாலாவது மூட்டை காட்டாது.

பயிற்சி பெற்ற சாதாரண மனிதர்கள் இந்தக் குறுகிய பேச்சைச் செய்யலாமா? பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பக்கத்துக் கிராமங்களில் அதிஃப் ரஹ்மானின் குழு செய்த ஆய்வு 2008 இல் ‘லான்செட்’ சஞ்சிகையில் வெளியானது. மனச்சோர்வுள்ள கர்ப்பிணிகளை, ஏற்கெனவே வீடு வீடாகப் போகிற பெண் சுகாதாரப் பணியாளர்களே பதினாறு தடவை சந்தித்துப் பேசினார்கள். பிள்ளை பிறந்து ஆறு மாதத்தில், இந்தப் பேச்சு கிடைத்த தாய்மாரில் 23 வீதமானோருக்கே மனச்சோர்வு எஞ்சியிருந்தது. வெறும் வழமையான வருகை மட்டும் கிடைத்தவர்களில் அது 53 வீதம்.

கோவாவில் விக்ரம் பட்டேலின் குழு 2017 இல் வெளியிட்ட ஆய்விலும் இதே போக்குத்தான். கடும் மனச்சோர்வுள்ளவர்களோடு, பட்டம் பெற்ற உளவியலாளர் அல்லாத பயிற்சியாளர்கள் ஆறிலிருந்து எட்டுத் தடவை பேசினார்கள். மூன்று மாதத்தில் 64 வீதமானோர் தேறினார்கள். பேச்சு கிடைக்காதவர்களில் தேறியவர்கள் 39 வீதம். சிம்பாப்வேயின் ஹராரே நகரில், சிகிச்சை நிலைய வளவுக்குள் ஒரு வாங்கைப் போட்டு, பயிற்சி பெற்ற பாட்டிமார் ஆறு தடவை பேசுகிற ஏற்பாடும் நல்ல பலன் தந்ததாக 2016 இல் நிரூபிக்கப்பட்டது.

எமது மண்ணிலும் ஒரு சான்று இருக்கிறது. சுனாமிக்குப் பின் வடகிழக்கில் ஒரு முகாமில், மனவடு கண்டறியப்பட்ட 31 பிள்ளைகளுக்கு உள்ளூர் உளவளத்துணையாளர்கள் ஆறே சந்திப்புகள் நடத்தினார்கள். ஒரு பகுதியினர் தங்கள் வாழ்க்கைக் கதையை ஒழுங்காகச் சொன்னார்கள். மற்றப் பகுதியினர் தியானமும் தளர்வுப் பயிற்சியும் செய்தார்கள். ஆறு மாதத்தின் பின் பார்த்தபோது முதற் பகுதியில் 81 வீதமும் இரண்டாம் பகுதியில் 71 வீதமும் தேறியிருந்தன. யாழ்ப்பாணத்துப் பேராசிரியர் தயா சோமசுந்தரம், தளர்வுப் பயிற்சியை அவரவர் மரபிலிருந்தே எடுக்கவேண்டும் என்று நீண்டகாலமாகச் சொல்லிவந்தவர். முஸ்லிம்களுக்கு அவர் பரிந்துரைத்தது திக்ர். அதற்குச் செலவே இல்லை.

ஆனால் குறுகியது எல்லாம் நல்லது என்றும் எடுத்துவிடக் கூடாது. வடபகுதிப் பாடசாலைகளில் 399 பிள்ளைகளோடு, ஐந்து வாரத்தில் பதினைந்து அமர்வுகளாக நடத்திய ஒரு குழு முயற்சி 2012 இல் ஆராயப்பட்டது. எதிர்பார்த்த முக்கிய பலன்கள் ஒட்டுமொத்தமாகக் கிடைக்கவில்லை. சிறு வயதினருக்கும் ஆண் பிள்ளைகளுக்கும் சில நன்மைகள் இருந்தன. பெண் பிள்ளைகளின் மனவடு அறிகுறிகளிலோ பாதகமான விளைவு காணப்பட்டது. ஆளைப் பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தால் இப்படித்தான் முடியும்.

நீண்ட சிகிச்சை யாருக்கு?

நீண்டகாலச் சிகிச்சையை ஆதரிப்பவர்கள் அதிகம் காட்டுவது, 2008 இல் லைக்சன்ரிங், ரபுங் என்ற இரு ஜேர்மானியர் 23 ஆய்வுகளைத் தொகுத்துச் சொன்ன முடிவை. சிக்கலான உளநோய் உள்ளவர்களுக்கு நீண்ட சிகிச்சை கூடுதல் பலன் தருகிறது என்றார்கள். அவர்கள் கணக்கிட்ட முறை பற்றிக் கடும் விமர்சனங்கள் எழுந்தன. பின்னர் வந்த வேறு தொகுப்புகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை.

எனக்குக் கூடுதல் தெளிவு தந்தவை இரண்டு ஆய்வுகள். பின்லாந்தின் ஹெல்சிங்கியில் 326 பேரைப் பல வருடங்கள் பின்தொடர்ந்தார்கள். முதல் வருடத்தில் குறுகிய சிகிச்சை பெற்றவர்கள் முந்தினார்கள். மூன்றாவது வருட முடிவில் நீண்ட சிகிச்சை பெற்றவர்கள் முன்னால் நின்றார்கள். லண்டனின் டவிஸ்டொக் நிலையத்தில், மருந்துக்கும் வேறு சிகிச்சைக்கும் மசியாத மனச்சோர்வுள்ள 129 பேரை எடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு வழமையான சிகிச்சையோடு பதினெட்டு மாதத்தில் அறுபது சந்திப்புகள்; மறு பகுதியினருக்கு வழமையான சிகிச்சை மட்டும். சிகிச்சை முடிந்த நாளில் இரு பகுதிக்கும் பெரிய வித்தியாசமில்லை. அதன் பிறகுதான் இடைவெளி விரிந்தது. தொடக்கத்திலிருந்து 42 மாதத்தில், ஓரளவு தேறியிருந்தவர்கள் நீண்ட சிகிச்சை பெற்றோரில் 30 வீதம், பெறாதோரில் 4.4 வீதம்.

இந்த எண்களை இரண்டு பக்கத்தாலும் வாசிக்கவேண்டும். எதற்கும் அசையாத நோய்க்கு நீண்ட பேச்சு உண்மையாகவே உதவியிருக்கிறது. பலன் பிந்தி வந்து நின்று பிடித்திருக்கிறது. அதேவேளை, அறுபது சந்திப்புக்குப் பிறகும் பத்தில் ஏழு பேருக்கு அந்த அளவு தேற்றம் கிடைக்கவில்லை. ‘ரெண்டு வருசம் கதைச்சாக் கட்டாயம் சுகமாகும்’ என்று யாராவது உறுதி சொன்னால் அவரை நம்ப வேண்டாம்.

ஒரே வீட்டில் இரண்டு பேர்

எங்கள் வீட்டில் நடந்ததை உம்மாவினதும் தங்கச்சியினதும் சம்மதத்தோடு எழுதுகிறேன்.

உம்மாவுக்குப் பல வருடமாகக் கை கால் உளைவு, நெஞ்செரிவு, தலைச்சுற்று. வாப்பா புத்தளத்தில் மௌத்தானதிலிருந்து கூடிவிட்டது. இரத்தம் பார்த்தோம், ஈசிஜி எடுத்தோம், ஸ்கான் எடுத்தோம். ஓதியும் பார்த்தோம். வைத்தியர் ஒருவர், ‘ஒண்டும் இல்லை அம்மா’ என்று நல்ல மனத்தோடுதான் சொன்னார். உம்மா வீட்டுக்கு வந்து, ‘ஒண்டும் இல்லையாம். அப்ப நான் பொய்யா சொல்லுறன்?’ என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை.

பிறகு அரச சேவையில் இருந்த ஒரு பெண் உளவளத்துணையாளர் அவவைச் சந்தித்தார். மொத்தம் ஏழு தடவை. நோவு பொய் என்று அந்தப் பிள்ளை ஒருநாளும் சொல்லவில்லை. எந்த நேரத்தில் கூடுது, அன்றைக்கு என்ன நடந்தது என்று எழுதி வைக்கச் சொன்னார். சுபஹுக்குப் பிறகு படுக்காமல் வளவில் கொஞ்சம் நடக்க, கிழமையில் ஒருநாள் பழைய சினேகிதியிடம் போய்வரச் சொன்னார். வாப்பாவைப் பற்றி உம்மா எங்களிடம் சொல்லாததை எல்லாம் அவரிடம் சொல்லியிருக்கிறா. நோவு முழுதாகப் போகவில்லை. ஆனால் மாதத்தில் நாலு தடவை டொக்டரிடம் போனது நின்றது. காசுச் செலவு, பஸ் செலவு மட்டும்.

தங்கச்சியின் விடயம் வேறு. மூன்று தடவை கடும் மனச்சோர்வு வந்து போனது. குளிசை போட்டால் தணியும், நிறுத்தினால் சில மாதத்தில் திரும்பும். குறுகிய உளவளத்துணையும் இரண்டு முறை பெற்றாள். அந்தந்த நேரம் உதவியது, நிற்கவில்லை. அவளுடைய சின்ன வயதில் நடந்த ஒன்று இதற்கு அடியில் இருந்தது. அதை இங்கே எழுதத் தேவையில்லை. மனநல வைத்தியர்தான் நீண்ட சிகிச்சையைச் சொன்னார். கிழமைக்கு ஒரு தடவை, கட்டணத்தோடு. ஒரு சோடி வளையலும் ஒரு சங்கிலியும் அடகுக்குப் போயின. ‘விசரிக்குக் கதை கேக்கிறதுக்கு நகையை அடகு வைக்கிறியளோ?’ என்று எங்கள் சொந்தத்துக்குள்ளேயே கேட்டார்கள்.

எட்டாவது சந்திப்பில் நாங்கள் மூவரும், சிகிச்சை செய்தவரும் தங்கச்சியும் நானும், உட்கார்ந்து பேசினோம். ‘என்ன மாறியிருக்கு?’ என்று கேட்டேன். நித்திரை அப்படியேதான் இருந்தது. ஆனால் ஒருவரிடமும் சொல்லாத ஒன்றை முதல் தடவையாக வாய் திறந்து சொல்ல முடிந்திருந்தது. தொடர்வதென்று முடிவெடுத்தோம், ஆறு மாதத்துக்கு ஒரு தடவை இதே கேள்வியைக் கேட்பதென்றும் முடிவெடுத்தோம். இருபது மாதம் ஆனது. குளிசை இன்னும் கொஞ்சம் போடுகிறாள். தையல் வேலைக்குப் போகிறாள். போன நோன்புப் பெருநாளுக்கு அவளிடம் கேட்டேன், ‘பெறுமதியா இருந்ததா?’ என்று. ‘காக்கா, முந்தி அது வந்தா நான் முழுக்க அதுக்குள்ள போயிருவன். இப்பவும் வருது. ஆனா நான் வெளியில நிண்டு அதைப் பாக்கிறன்’ என்றாள்.

ஏழு சந்திப்பு உம்மாவுக்குப் போதும். தங்கச்சிக்கு ஏழு போதாது. உம்மாவுக்கு இருபது மாதச் சிகிச்சையை வாங்கியிருந்தால் வீண்செலவு. தங்கச்சிக்கு ஏழோடு நிறுத்தியிருந்தால் அதுவும் வீண்செலவுதான்.

செலவை எப்படிக் கணக்கிடுவது?

கட்டணம் மட்டும் செலவல்ல. ஒரு சந்திப்புக்கு அரை நாள் போகும் என்று வைத்தால் ஆறு சந்திப்புக்கு மூன்று நாள் கூலி, அறுபது சந்திப்புக்கு முப்பது நாள் கூலி. அதற்கு மேல் பஸ் காசு, பிள்ளையைப் பார்க்க ஓர் ஆள், அயலில் கதை வந்துவிடுமோ என்ற பயம். கொடிகாமத்தில் பஸ் ஏறுகிறவரை யார் கண்டது, எங்கே இறங்கினவர் என்பதெல்லாம் மஃரிபுக்குள் தெரிந்துவிடும். திரையில் கதைப்பதன் ஒரு நன்மை இந்தப் பயம் குறைவது. ஆனால் இரண்டு அறை வீட்டில் யாரும் கேட்காமல் ஒரு மணித்தியாலம் பேச இடம் வேண்டும். அதுவும் ஒரு செலவு.

மறுபக்கத்தில், சிகிச்சை செய்யாமல் விடுவதும் இலவசமல்ல. திரும்பத் திரும்ப எடுக்கிற ஸ்கான், ஊசி, சத்து மருந்து, போகாத வேலை நாட்கள், பாடசாலையிலிருந்து நிற்கிற பிள்ளை ஆகிய எல்லாம் அந்தக் கணக்கில் வரும். மனச்சோர்வுக்கும் பதகளிப்புக்கும் செலவிடுகிற ஒவ்வொரு டொலரும் உடல்நலத்திலும் உழைப்பிலும் ஏறத்தாழ நாலு டொலராகத் திரும்புகிறது என்று உலக சுகாதார நிறுவனம் முன்னின்று செய்த ஒரு மதிப்பீடு 2016 இல் சொன்னது. அந்தக் கணக்கு நாடளாவிய, பெரும்பாலும் எளிய சிகிச்சைகளுக்கானது. ஒரு தனி ஆளின் இரண்டு வருடச் சிகிச்சைக்கு அதை அப்படியே போட்டுப் பார்க்கக் கூடாது.

எமது நாட்டில் அரச வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுகளில் கட்டணமில்லை. பிரதேச செயலகங்களிலும் உளவளத்துணைக்கு என உத்தியோகத்தர்கள் நியமிக்கப்பட்டிருக்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் சாந்திகம் 1987 இலிருந்து இந்தப் பணியைச் செய்துவருகிறது. தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம். உயிரை மாய்க்கும் எண்ணம் வந்தவருக்குச் செலவுக் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றவர்கள் காசு கட்டுவதற்கு முன் இந்த வாசல்களைத் தட்டிப் பார்க்கலாம்.

கதைத்துத் தீராதவை

புத்தள ஆய்வுக்குத் திரும்பி வருவோம். தொழிலின்மை, துணையின்மை, பசி. இவை மூன்றும் உளநோயோடு சேர்ந்து நின்றன. காணிக்கு உறுதி இல்லாதவர், அரைச்சுவர் வீட்டில் இருப்பவர், புத்தளத்திலும் பதிவில்லை யாழ்ப்பாணத்திலும் பதிவில்லை என்று அலைந்தவர் ஆகியோரை ஐம்பது மணித்தியாலம் இருத்தி வைத்து அவர்களின் உள்ளத்தை மட்டும் அலசினால், ஒருவகையில் பிழை அவர்களுக்குள்ளே இருக்கிறது என்று சொன்னது போலாகிவிடும். தயா சோமசுந்தரம் ‘கூட்டு மனவடு’ பற்றி எழுதியதன் சாரமும் இதுதான். முழுச் சமூகமும் காயப்பட்ட இடத்தில், தனித்தனி ஆளுக்குச் செய்கிற சிகிச்சையால் மட்டும் அது ஆறாது. குடும்பம், அயல், பள்ளிவாசல், தொழில் என்பன திரும்ப எழும்பவேண்டும்.

இன்னொரு பக்கம், ‘சபூர் செய்தாப் போதும், கதைக்கத் தேவையில்லை’ என்கிற கருத்தும் எம்மிடம் உண்டு. சபூர் என்றால் வாயைப் பொத்திக்கொள்வது என்று யார் சொன்னது? யஃகூப் நபி தம் மகன் யூஸுபுக்காகக் கண்கள் வெளுக்குமளவு துக்கப்பட்டார்கள். தம் கவலையை அல்லாஹ்விடம் முறையிட்டார்கள். அழகிய பொறுமை என்று நாம் உதாரணம் காட்டுவதும் அவர்களைத்தான். துக்கத்தைச் சொல்வதும் பொறுமையும் ஒன்றையொன்று அழிப்பன அல்ல.

கேட்கவேண்டிய கேள்விகள்

இவ்வளவையும் வைத்து, ஒரு குடும்பம் கேட்டுப் பார்க்கக்கூடிய சில கேள்விகளைத் தருகிறேன்.

முதலாவது, உடம்பை ஒழுங்காகச் சோதித்தாயிற்றா? நெஞ்சு நோ எல்லாம் மனத்தால் வருவதல்ல.

இரண்டாவது, குறுகிய சிகிச்சையை முறையாக முயன்றாயிற்றா? அது சரிவராமல் அல்லது நோய் திரும்பத் திரும்ப வந்தால்தான் நீண்டதற்குப் போகும் நியாயம் இருக்கிறது.

மூன்றாவது, சிகிச்சை செய்பவர் என்ன படித்தவர், யாருடைய மேற்பார்வையில் வேலை செய்கிறார்? கேட்டால் கோபிக்கிறவரிடம் போகவேண்டாம்.

நாலாவது, எது மாறவேண்டும் என்று தொடக்கத்திலேயே பேசியாயிற்றா? நித்திரை, வேலை, பிள்ளையோடு கத்தாமல் இருப்பது என்று கண்ணால் காணக்கூடியதாக அது இருக்கவேண்டும்.

ஐந்தாவது, ஆறாவது அல்லது எட்டாவது சந்திப்பில் அதைத் திரும்பப் பார்த்தாயிற்றா? ஒன்றுமே அசையவில்லை என்றால் முறையையோ ஆளையோ மாற்றவேண்டும். அதே வழியில் இன்னும் ஐம்பது நாள் போவதில் பயனில்லை.

கடைசியாக, கேள்வி ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதல்ல. சிறுநீரக நோயாளிக்கு, சத்திரசிகிச்சைக்கு என்று எமது பள்ளிவாசல் நிர்வாகங்கள் காசு சேர்க்கின்றன. தங்கச்சியைப் போன்ற ஒருத்திக்கு அப்படிச் சேர்க்கலாமா, ஸகாத்திலிருந்தா ஸதகாவிலிருந்தா என்பதை உலமாக்கள் சொல்லட்டும். ஆனால் அதற்கு முன்னரே செய்யக்கூடிய, செலவு குறைந்த ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மஹல்லாவிலும் இரகசியம் காக்கத் தெரிந்த இரண்டு பெண்களையும் ஓர் ஆணையும் தெரிந்தெடுத்து, உளநலப் பிரிவினரிடம் முறையாகப் பயிற்சி பெறவைத்து, வருகிறவருக்கு முதல் ஆறு சந்திப்பும் பஸ் காசும் கொடுக்கலாம். ராவல்பிண்டியிலும் கோவாவிலும் நடந்தது கொடிகாமத்தில் நடக்காது என்பதற்கு ஒரு காரணமும் இல்லை. அந்த ஆறில் பெரும்பாலானோர் எழுந்து நடப்பார்கள். எழும்ப ஏலாத சிலரை அப்போது எங்களுக்குத் தெரியும். நீண்ட சிகிச்சைக்கான காசை அவர்களுக்காகச் சேர்க்கலாம்.